விடைபெறும் முன் ஒப்படைக்க வேண்டியது

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். தொண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மேற்கொண்டுவரும் கற்பித்தல் பயிற்சி வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பாடக்குறிப்புகளிலும் பதிவேடுகளிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன், நோட்டில் எழுதச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். வெளியே மணலில் உட்காரவைத்து விரலால் எழுதச் சொன்னால் 'படகு', 'வலை', 'நண்டு' என்று தயங்காமல் எழுதுகிறான். இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தொடங்கியிருக்கிறான். "திங்கக்கிழமை வருவீங்கள்ல டீச்சர்?" என்று நேற்று கேட்டான், வருவேன் என்று சொல்லிவிட்டேன். பாதியில் விட்டுப் போகிறோமே என்று மனம் உறுத்துகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
— பயிற்சி மாணவி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நாளைக் காலையிலேயே அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் இருப்பீர்கள், அதன்பின் யார் அவனுக்குச் சொல்லித்தருவார் என்பதை வகுப்பு ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக் கரையில் காத்திருந்து பழகிய பிள்ளைகள் இவர்கள். 'வருவேன்' என்ற சொல்லை அவர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பிடம் சொல்லாமல் கிளம்பியவன். சில மாதங்கள் கழித்து அந்த ஊருக்குத் திருவிழாவுக்குப் போனபோது, முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்த சிறுமி என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். ஆசிரியனாகப் பணியாற்றிய காலம் முழுவதும் அந்த முகம் எனக்கு நினைவிருந்தது.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. அவன் மணலில் எழுதுகிறான் என்ற செய்தி நீங்கள் கையெழுத்து வாங்கிய பதிவேடுகளில் எங்காவது இருக்கிறதா? இருந்தாலும் அவை உங்களோடு பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும்; பையன் இங்கேதான் இருப்பான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்; அந்த இருவரே ஐந்து வகுப்புகளையும் பார்த்தாக வேண்டும். ஒரு குழந்தையின் பக்கத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரும் வாய்ப்பு பயிற்சி மாணவிக்குத்தான் கிடைக்கிறது. எனவே நீங்கள் கண்டறிந்ததை ஒரு தாளில் எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். 'மெல்லக் கற்பவன்' என்று எழுத வேண்டாம். அந்தச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அவன் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் எதில் இருக்கிறான் என்பது ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். எந்தச் சொற்களை எழுதுகிறான், எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எப்போது பென்சிலைக் கீழே வைக்கிறான் என்பவற்றை எழுதுங்கள்.

என் அனுபவத்தில், மணலில் எழுதி நோட்டில் எழுதாத குழந்தை பெரும்பாலும் பிழைக்கு அஞ்சுகிற குழந்தை. மணலில் தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும்; நோட்டில் அது சிவப்பு மையோடு அப்படியே நிற்கும். ஆகவே மீதமுள்ள நாட்களில் ஒரு தட்டில் கடற்கரை மணலைப் பரப்பி வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். மணலிலிருந்து சிலேட்டுக்கும், சிலேட்டிலிருந்து நோட்டுக்கும் மெதுவாக நகர்த்தலாம்; முதல் இரண்டு படிகளை ஆசிரியர் பார்க்கச் செய்துவிட்டால், மூன்றாவதை அவரே பார்த்துக்கொள்வார். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்களில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. அவற்றுக்குப் படிக்கும்போது இந்தப் பையன் உங்கள் நினைவுக்கு வருவான், வரட்டும்.

பாதியில் விட்டுப் போகிறோம் என்று வருந்த வேண்டாம். இந்தத் தாளை எழுதாமல் போனால்தான் நீங்கள் பாதியில் விட்டவராவீர்கள்.

கேள்வி: பயிற்சி முடியும் நாளில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கலாமா? பிறகு பள்ளிக்குப் போய் அவர்களைப் பார்க்கலாமா?
— பயிற்சி மாணவர், மண்டபம்

பதில்: பரிசு என்று தனியாக வாங்க வேண்டாம். நீங்கள் செய்த மின்னட்டைகளையும் (ஃபிளாஷ் கார்டு) படங்களையும் மதிப்பீடு முடிந்ததும் அந்தப் பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஒருநாள் போய் வாருங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால், விசைப்படகில் தொழிலுக்குப் போகும் தகப்பன்மார் பலர் அப்போது ஊரில் இருப்பார்கள். பிள்ளைகள் வாசிப்பதை அவர்களையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்யலாம்.