ஜோக்கரின் டிரைவர்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பிரையன் அஸரெல்லோ எழுதி லீ பெர்மெஹோ வரைந்த, பேட்மேனின் பரம எதிரியைப் பற்றிய ‘ஜோக்கர்’ கிராஃபிக் நாவலைப் போன வாரம் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தூக்கம் போய்விட்டது. எதற்கும் பயப்படாத, யாருக்கும் கட்டுப்படாத இப்படி ஒருவனை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. அவனுடைய தத்துவம்தான் மொத்தப் புத்தகமும் என்று தோன்றுகிறது. செல்போனில் முகப்புப் படமாகவும் அவனையே வைத்துவிட்டேன். ஒரே ஒரு குறை. கதையை ஜானி ஃப்ராஸ்ட் என்ற அடியாள் சொல்கிறான். அவன் எதற்கு? ஜோக்கரே நேராகப் பேசியிருக்கலாமே? பேட்மேனும் கடைசியில்தான் வருகிறார். ஜோக்கரின் முன்கதை தெரிய வேண்டுமானால் ‘தி கில்லிங் ஜோக்’ படி என்கிறார்கள். எந்த வரிசையில் படிப்பது?

இன்னொன்று. என் மனைவி பாதி படித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். “இதுல உங்களுக்கு என்னதான் புடிச்சிருக்கு?” என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை. வேலை செய்யும் இடத்திலும் இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்று சிரிக்கிறார்கள்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

சிரிக்கிறவர்களை விடுங்கள். அவர்கள் மதிய இடைவேளையில் என்ன பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் நீங்களும் சிரிக்கலாம். பேட்மேன் கடைசியில் வருவதும் ஒரு குறை இல்லை. அடியாள் கண்ணில் பேட்மேன் அவ்வளவுதான் படுவான், கடைசியில், இருட்டுக்குள்ளிருந்து. வந்தும் அதிகம் பேசுவதில்லை. அது போதும்.

‘ஜானி எதற்கு?’ என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் அடியாட்கள் நினைப்பாகவே இருக்கிறது. காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன்.

தத்துவம் என்கிறீர்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஆர்க்கம் மனநல விடுதியிலிருந்து ஒருவன் வெளியே வருகிறான். அவன் உள்ளே இருந்த காலத்தில் அவன் ஆண்ட காத்தம் நகரத்தை மற்ற ரவுடிகள் கூறு போட்டுக்கொண்டார்கள். அதைத் திரும்பக் கேட்கிறான், கொடுக்காதவர்களைக் கொல்கிறான். வங்கியைக் கொள்ளையடித்த பணத்தைப் பென்குவின் என்ற இன்னொரு ரவுடியிடம் கொடுத்து முதலீடு செய்யச் சொல்கிறான். இதில் தத்துவம் ஏது தம்பி? பங்குத் தகராறு. ‘யாருக்கும் கட்டுப்படாதவன்’ என்று நீங்கள் புல்லரித்துப் போகிறவன் வட்டிக்கடைக்காரனைப் போல வரவு செலவு பார்க்கிறான். அஸரெல்லோ முன்பே ‘100 புல்லட்ஸ்’ என்ற குற்றக் கதைத் தொடரை எழுதிய ஆள். குற்றம் என்பது ஒரு தொழில், அதிலும் கமிஷன் உண்டு, கடன் உண்டு, வாராக்கடன் உண்டு என்று தெரிந்தவர். அதனால்தான் ஜோக்கரின் ஆளான கில்லர் க்ராக்கைக்கூட, மற்றக் கதைகளில் வருவது போல முதலைப் பூதமாக வைக்காமல், தோல் வியாதி உள்ள ஒரு பெரிய உடம்புக்காரனாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்புறம் ஏன் உங்களுக்கு அவன் ஞானி மாதிரித் தெரிந்தான்? ஜானி அப்படிப் பார்த்தான், அவன் கண் வழியாக நீங்களும் பார்த்தீர்கள். யாரைத் தேவையில்லை என்கிறீர்களோ அவன்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறான்.

ஆரம்பத்தைத் திரும்பப் புரட்டுங்கள். ஜோக்கரைக் கூட்டிவர வேறு யாருக்கும் தைரியம் இல்லை. ஜானி தானாக முன்வருகிறான். சில்லறைத் திருட்டுக்காரன், பெண்டாட்டி பிரிந்து போய்விட்டாள், இனி மேலே வருவதற்கு இதுதான் வழி என்று கணக்குப் போடுகிறவன். அன்றிலிருந்து அவன் டிரைவர். முதல் ராத்திரியே ஒரு கிளப்பில் ஒரு மனிதனைத் தோல் உரித்து மேடையில் விடுகிறார்கள். ஜானி பார்க்கிறான். மறுநாளும் கார் ஓட்டுகிறான். புத்தகத்தில் எனக்கு ரத்தத்தைவிட அந்த மறுநாள்தான் பயமாக இருந்தது.

காரணம் சொல்கிறேன் என்றேனே. தொண்ணூறுகளில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன், ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வசூல் நடத்திய ஒரு பெரிய மனிதருக்குக் கார் ஓட்டப் போனான். நல்ல பையன். ரேஷன் கடையில் என் அம்மாவுக்காக வரிசையில் நின்றவன். வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ‘அண்ணன்’ கதைதான். அண்ணன் சிரித்தது, அண்ணன் யாரையோ ஒரு பார்வையிலேயே உட்கார வைத்தது. ஒருநாள் பரோட்டா கடையில் அண்ணன் அவனைத் தன் மேஜையிலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னாராம். “ஆம்லெட் எனக்கு அவரே சொன்னாருக்கா, வெங்காயம் தூக்கலா போடச் சொல்லி” என்றான். அவன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி அம்மாவிடம் தண்ணீர் கேட்டான். சொம்பைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. ஒரு லாட்ஜ் வாசலில் “வண்டிய ஆஃப் பண்ணாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளிருந்து சத்தம் வந்திருக்கிறது. இவன் ரேடியோவைக் கூட்டி வைத்திருக்கிறான். அவ்வளவுதான் சொன்னான். அம்மா அவனைத் திட்டி, சோறு போட்டு, விடிந்ததும் வேலையை விடச் சொன்னாள். சரி சரி என்றான். கொஞ்ச நாள் கழித்து அதே திண்ணையில் அதே ராத்திரியைக் கதையாகச் சொன்னான். அண்ணன் எப்படி நிதானமாக வெளியே வந்தார், எப்படிக் கைக்குட்டையால் கையைத் துடைத்தார், வண்டியில் ஏறி முதலில் என்ன பாட்டு வைக்கச் சொன்னார், எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தண்ணீர்ச் சொம்பும் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். இப்போது திருப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், தலை நரைத்துவிட்டது. என் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆம்லெட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பந்திக்கு வா என்று பையனை இழுத்துக்கொண்டு போனேன்.

ஜானியை எதற்கு வைத்தார்கள் என்று இப்போது தெரிகிறதா? கொடுமைக்காரன் தன்னைப் பற்றிப் பேசினால் நாம் உஷாராகிவிடுவோம். பக்கத்தில் நின்றவன் பிரியத்தோடு சொன்னால் அப்படியே நம்பிவிடுவோம்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஜானி ஒரு கதவு வழியாகப் பார்க்கிறான். உள்ளே ஜோக்கர் தன் கூட்டாளிப் பெண் ஹார்லி குவினைக் கட்டிக்கொண்டு விம்மி அழுகிறான். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. புத்தகம் முழுக்க பெர்மெஹோ அந்த முகத்தை எவ்வளவு நெருக்கத்தில் வைக்கிறார் பாருங்கள். வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து ஆறிய தழும்பு, கறை படிந்த பல், உதட்டுச் சுருக்கத்தில் திட்டுத்திட்டாக நிற்கும் சாயம். (பென்சில் படத்தின் மேல் சில பக்கங்களுக்கு அவரே மை போட்டிருக்கிறார், மற்றதெல்லாம் மிக் கிரே. எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியது போலக் கனமாகத் தெரிகிற பக்கங்கள் பெர்மெஹோவின் கை. எல்லாப் பக்கத்தையும் அவரே போட்டிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்னமும் உண்டு.) இவ்வளவு அருகில் காட்டிய முகம், அழும்போது ஹார்லியின் அணைப்பில் புதைந்துவிடுகிறது. ஜானி அந்தக் கதவருகில்தான் விழுகிறான். இந்த மனிதனை எனக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிற இடம் அது. அந்த ஆம்லெட்டும் அதே இடம்தான். ஜோக்கரே கதை சொல்லியிருந்தால் இந்தப் பக்கம் புத்தகத்தில் இருந்திருக்குமா? தான் அழுததை அவன் சொல்வானா?

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஜானியின் பிரிந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? ஜானி தனக்குத் தெரியாமல் எதிராளியைச் சந்தித்தான் என்று ஜோக்கருக்குத் தெரிகிறது. மன்னித்துவிட்டேன் என்கிறான். அதற்கான விலையை அந்தப் பெண்ணின் உடம்பில் வசூல் செய்கிறான். வசூல் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் நீங்கள் ‘ஒரே மூச்சில்’ முடித்திருக்கிறீர்கள். ஹார்லி குவின் புத்தகம் முழுக்க வாயே திறப்பதில்லை, அதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டில் ஒருத்தி பாதியிலேயே கண்டுகொண்டாள், மூடி வைத்தாள், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்டாள். அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

அஸரெல்லோவையும் நான் முழுதாக விடப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை ஜானிக்கு விழுந்த அடியாகத்தான் அவர் காட்டுகிறார். அவளுக்கு அடுத்த நாள் என்று ஒன்று இருப்பதாகவே புத்தகத்துக்கு நினைவில்லை. இது பழைய நோய். 1988-இல் ஆலன் மூரும் பிரையன் போலண்டும் செய்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் ஜோக்கர் போலீஸ் கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவை அவள் வீட்டு வாசலிலேயே சுடுகிறான், அவள் அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக. அவள் அந்தக் கதைக்கு ஒரு கருவி, அவ்வளவுதான். மூரே பின்னாளில் அந்தப் புத்தகத்தைப் பற்றி நல்லபடியாகப் பேசியதில்லை. அடுத்த வருடமே ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும் அவளைச் சக்கர நாற்காலியில், கம்ப்யூட்டர் முன்னால், ஆரக்கிள் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘சரி, அவள் என்ன ஆனாள்?’ என்று கேட்ட அந்த இருவரை எத்தனை பேருக்குத் தெரியும்? சுட்டவனின் சிரிப்புதான் டீ-ஷர்ட்டில் இருக்கிறது.

முன்கதை வேண்டும் என்றீர்கள். அந்த 1988 புத்தகத்திலேயே ஜோக்கர் சொல்லிவிடுகிறான், தன் பழைய வாழ்க்கை ஒருசமயம் ஒருமாதிரி நினைவுக்கு வருகிறது, இன்னொரு சமயம் வேறுமாதிரி என்று. அவனுக்கே வேண்டாத முன்கதை நமக்கெதற்கு?

எனக்குத் தெரிந்த முன்கதை வேறு. 1940-இல் ‘பேட்மேன்’ முதல் இதழில் ஜோக்கர் வந்தபோது, அந்த இதழிலேயே அவன் சாவதாக இருந்தது. விட்னி எல்ஸ்வொர்த் என்ற ஆசிரியர் கடைசியில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார், அதில் அவன் பிழைத்துக்கொண்டான். 1988-இல் பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் வாசகர்களுக்குத் தொலைபேசி எண் கொடுத்தது. ஜோக்கரிடம் மாட்டிய ராபின், அதாவது பேட்மேனின் துணைப் பையன் ஜேசன் டாட், சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா? ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. ஒரு பையன் சாவதற்குக் காசு கொடுத்து போன் போட்டவர்கள் எல்லாரும் ராட்சசர்களா? உங்களை, என்னை மாதிரி ஆட்கள்தான். வண்டியை ஆஃப் பண்ணாமல் வைத்திருந்தவர்கள்.

நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை. 1984-இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான், கூர்மண்டை, கூர்க்காது, ஹெலிகார், வலைத்துப்பாக்கி. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டவன் அவன். 1965-இல் இங்கிலாந்து வார இதழில் பிறந்தவனுக்குப் பிறகு கதை எழுதியது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். நாங்கள் விளையாடும்போது என் அண்ணன் ஸ்பைடர், பக்கத்து வீட்டுப் பையன் பூட்டுத் திறக்கிற ஆர்டினி, நான் எப்போதும் விஞ்ஞானி பெல்ஹாம். ஸ்பைடருக்காகக் கருவி செய்ய வேண்டும், திட்டு வாங்க வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை என்பதை இப்போது யோசித்தால்தான் திக்கென்கிறது. பெல்ஹாமாக இருப்பதற்கு நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

ஜானியின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். பாலத்தின் மேல், பேட்மேன் எதிரே நிற்க, ஜோக்கர் தன் டிரைவரையே சுடுகிறான். பகையால் அல்ல. கைக்கெட்டும் தூரத்தில் நின்றான், அதனால். அதற்கப்புறம்தான் ஜானி ஜோக்கரை ஒரு வியாதி என்கிறான், மருந்தில்லாத வியாதி என்கிறான். ரசிகன் வாயிலிருந்து நிஜம் வர அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. 2016-இல் வந்த ‘சூசைட் ஸ்குவாட்’ படத்தில் ஜானி ஃப்ராஸ்ட்டுக்குக் கோட்டு சூட்டு மாட்டி ஜோக்கருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

செல்போன் படத்தை மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் பாடு. வரிசை கேட்டீர்கள். வரிசையெல்லாம் வேண்டாம். இதே அஸரெல்லோவும் பெர்மெஹோவும் 2005-இல் ஐந்து இதழ்களாகச் செய்த ‘லெக்ஸ் லூதர்: மேன் ஆஃப் ஸ்டீல்’ படியுங்கள், பின்னால் ‘லூதர்’ என்ற பெயரிலும் வந்தது. நீங்கள் ஆசைப்பட்டபடி அதில் வில்லனே, சூப்பர்மேனின் எதிரி லூதரே, பேசுகிறான். மனித குலத்தின் நன்மை, உழைப்பு, நம்பிக்கை என்று ஒவ்வொரு வரியும் நியாயமாகவே இருக்கும். எந்தப் பக்கம் வரை அவனை நம்பினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் புத்தகத்தை உங்கள் மனைவியிடம் கொடுத்து, அவர் எந்தப் பக்கத்தில் மூடினார் என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா