பிரசவ வார்டிலிருந்து ஆராய்ச்சிக்கு

வணக்கம் சகோதரி. பி.எஸ்சி. நர்சிங், ஐந்து வருடம் பிரசவ வார்டு. இனப்பெருக்க நல ஆராய்ச்சிக்குப் போக எம்.எஸ்சி. நர்சிங்கா, எம்.பி.எச்.சா (பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு) என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு எம்.பி.எச்.சுக்குத்தான். அந்தப் படிப்பை நடத்தும் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தைப் பாருங்கள். தகுதி விதியை மட்டும் இந்த வருட அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் பயம் என்கிறீர்கள். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழகத்தில் சிசேரியன் 44.9 சதவீதம், நாடு முழுக்க 21.5. ஏன் இவ்வளவு இடைவெளி? இதற்கு வார்டில் நின்ற உங்களுக்குத் தோன்றும் கேள்விகள், கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. அவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நேர்முகத்துக்குக் கொண்டுபோங்கள். கணக்கை அங்கே சொல்லித்தருவார்கள்.

அப்புறம், ஆராய்ச்சி வேலை பெரும்பாலும் திட்டம் முடிகிறவரை ஒப்பந்தம்தான். கடன் இருந்தால் இப்போதைய வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.