தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டிவி: தவணையில் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். 2017-இல் வாங்கிய 32 இன்ச் டிவி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஓடிடி வராது. கடையில் 55 இன்ச் 4கே டிவி 42,000 ரூபாய். கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையாக மாதம் 3,500 வீதம் ஒரு வருஷம் கட்டினால் போதுமாம். வங்கியில் 60,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. இப்போதைக்கு மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறோம். டிவி வாங்கலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். டிவி ஆசை தவறில்லை, உங்கள் நகை இன்னும் வங்கியில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

முதலில் அந்த ‘வட்டியில்லா’ தவணையைப் பார்ப்போம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நடைமுறையில் வங்கி வட்டி போடுகிறது. அதே அளவு தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கிறது. 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 42,000-க்குள் ஏறக்குறைய 3,430 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 617 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. மொத்தப் பணமும் கையில் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் கேட்டுப் பாருங்கள். குறைத்துச் சொன்னால், அந்த வித்தியாசமும் தவணைக்கு நீங்கள் கொடுக்கும் விலைதான். ஒரு மாதம் கார்டு பில் தவறினால் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறலாம்.

அதே 3,500 ரூபாயை, இப்போது கட்டும் 600-உடன் சேர்த்து நகைக்கடனில் கட்டுங்கள். 16 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அசலில் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று மட்டும் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் முடியும். அவசரத்துக்கு மறுபடி அடகு வைக்கக்கூட கையில் நகை இருக்க வேண்டுமே!

சரி, பிள்ளைகளுக்கு ஓடிடி? பழைய டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும். உங்களுக்கு உண்மையில் குறையாக இருப்பது இது ஒன்றுதான்.

4கே என்பது முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். ஆனால் 55 இன்ச் டிவியில்கூட ஏழெட்டு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். சாதாரண கேபிள் இணைப்பில் வரும் எஸ்டி (எச்டியைவிடத் தெளிவு குறைந்த) சேனல் பெரிய திரையில் இன்னும் மங்கலாகத்தான் தெரியும். 4கே-யில் பார்க்க நெட்ஃபிளிக்ஸில் மாதம் 649 ரூபாய் திட்டம் வேண்டும், அதற்கேற்ற வேகமான இணையமும் வேண்டும். டிவி விலையோடு இந்த மாதச் செலவையும் கூட்டிப் பார்க்க யாரும் சொல்வதில்லை.

‘இப்போது விட்டால் இந்த விலை கிடைக்காது’ என்று கடையில் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. அது வரிக் குறைப்பு. பண்டிகையோடு முடிகிற சலுகை அல்ல.

நகை திரும்பிய பிறகு அதே 4,100 ரூபாயை மாதாமாதம் ஆர்டியில் (வங்கித் தொடர் வைப்பில்) போடுங்கள். எட்டு மாதத்தில் 32,000-க்கு மேல் சேரும். அப்போது கூடத்தின் அளவை அளந்து, 43 இன்ச் போதுமா என்று பார்த்து, முழுப் பணம் கொடுத்து பேரம் பேசி வாங்குங்கள்.