கறுப்புச் சுவர் வேண்டுமா? விளக்கை முதலில் வாங்குங்கள்

கேள்வி: ரங்கூன் நகரத்தின் நடுவில், நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். வழக்கமான பன்னிரண்டரைக்கு ஐம்பது அடி வீடு. தெருவைப் பார்த்த முன்னறை என் மகனுடையது. பத்துக்குப் பதினொன்று, மேற்கே ஒரே ஜன்னல். அவனுக்கு வயது 19. நாலு சுவர், கூரை, திரை, படுக்கை விரிப்பு எல்லாமே கறுப்பாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெகு பக்கத்து மரவீட்டில் பிறந்து வளர்ந்த என் மாமியார், வீட்டுக்குள் கறுப்பு ஆகாது, சூடும் ஏறும் என்கிறார். எனக்கோ வேறு கவலை. மழைக்காலத்தில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறுகிறது. இந்த அறைக்குக் கறுப்பு சரிவருமா?

பதில்: சரிவரும், ஆனால் ஒரு சுவருக்கு மட்டும். எந்தச் சுவர் என்பதை உங்கள் அறையே சொல்லிவிடும். முதலில் மாமியார் சொன்ன சூட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

கறுப்பு வெயிலைக் குடிக்கும். மொட்டைமாடித் தகரம், வெளிச்சுவர் என்று வெயில் நேராக விழும் எதற்கும் கறுப்பு அடித்தால் வீடு கொதித்துவிடும். வெயில் படாத உள்சுவர் விஷயம் வேறு. அது வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும், உள்ளே படுத்திருப்பவருக்குத் தெரிகிற அளவுக்குச் சூட்டில் வித்தியாசம் வராது. ஆகவே ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் போய் உட்கார்ந்து, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். மேற்கு ஜன்னல் என்பதால் ஏப்ரல் வெயில் நேராக எதிரே கிழக்குச் சுவரில் அடிக்கும். குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கே இறங்குவதால் வடக்குச் சுவரிலும் ஒரு பட்டை விழும். இந்த இரண்டையும் வெளிர் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். ஜன்னல் இருக்கிற மேற்குச் சுவரில்தான் ஓதம். தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து அறைகிற சுவர் அது, அங்கே ஓதம் ஏறாவிட்டால்தான் ஆச்சரியம். அதுவும் வேண்டாம். போதாததற்கு, கறுப்புச் சுவருக்கு நடுவில் பளீரென்று ஒரு ஜன்னல் இருந்தால் பகலெல்லாம் கண் கூசும்.

மிச்சம் தெற்குச் சுவர். வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். கட்டிலைத் தெற்கே தலைமாடு வைத்துப் போட்டால் அந்தச் சுவரே தலைமாட்டுச் சுவராகிவிடும். அதை அடியுங்கள். படுத்திருக்கும்போது கண்ணுக்கு எதிரே வெளிர் சுவர் இருக்கும், அறைக்குள் நுழைகிறவருக்குக் கறுப்பு தெரியும். மகனுக்கு வேண்டியது அதுதான், நண்பர்கள் வந்து பார்க்க வேண்டும்.

கூரைக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். நம் நகர வீடுகள் நீளத் தீப்பெட்டி மாதிரி, முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம் வரும். வந்த வெளிச்சத்தைக் கூரைதான் வாங்கி உள்ளே அனுப்புகிறது. நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும். கறுப்பு தருவது ஐந்து பங்கோ அதற்கும் குறைவோதான்.

அடுத்து, தலைப்பில் சொன்ன விளக்கு. கறுப்பு அறை கெட்டுப்போவது பெரும்பாலும் பெயிண்டால் நடப்பதில்லை. சுவரை அடித்து முடித்துவிட்டுப் பழைய ட்யூப்லைட்டையே போடுவதால்தான் கெடுகிறது. குளிர்ந்த வெள்ளை ட்யூப்லைட்டுக்குக் கீழே கறுப்பு கறுப்பாகவே தெரியாது, அடுப்புச் சாம்பல் நிறமாகத் தெரியும். ரோலர் போன தடமெல்லாம் கோடு கோடாக எழுந்து நிற்கும்.

நம் பழைய கோவில்களின் கருவறையை நினைத்துப் பாருங்கள். கருங்கல் சுவர், எண்ணெய் ஊறிக் கறுத்த கல் விக்கிரகம், ஜன்னல் கிடையாது. ஆனால் யாரும் அதை இருட்டறை என்று சொல்வதில்லை. காரணம், ஒரே ஒரு தீபம் மனித உயரத்துக்குக் கீழே எரிகிறது. அதன் வெளிச்சம் எண்ணெய்ப் பளபளப்பில், பொட்டில், நகையில், பூவில் தொற்றிக்கொள்கிறது. கற்பூரம் காட்டும்போது கறுப்பு பின்னே போய் முகம் முன்னே வருகிறது. கறுப்பு அறைக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும், மஞ்சளாக இருக்க வேண்டும், அது தொற்றிக்கொள்ள ஏதாவது மின்னுகிற பொருள் வேண்டும்.

உங்கள் அறைக்கு இதை இப்படிச் செய்யலாம். கட்டிலின் இரண்டு பக்கமும் 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஒவ்வொன்று, துணி அல்லது காகிதக் கூடு போட்டு. ஷான் மாநிலத்துக் கைக்காகிதத்தில் செய்த கூடு கிடைத்தால் வெளிச்சம் அழகாகக் கசியும். பல்ப் அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றிருந்தால் குளிர்ந்த வெள்ளை, வாங்காதீர்கள். படிக்கிற பையன் என்பதால் மேசைக்குத் தனியாக ஒரு விளக்கு. ட்யூப்லைட்டைக் கழற்ற வேண்டாம், தொலைந்த ஊசியைத் தேடும்போது போட்டுக்கொள்ளலாம். கரண்ட் போகிற நேரத்தையும் மனதில் வையுங்கள். இரண்டு தலைமாட்டு விளக்குகளில் ஒன்றையாவது பேட்டரி லைனில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். திடீரென்று இருட்டினால் அந்தச் சுவர் பக்கம் எதுவுமே தெரியாது, முழங்காலைக் கட்டில் விளிம்புதான் கண்டுபிடிக்கும்.

விளக்கை வாங்கி, மாட்டி, இரண்டு இரவு பார்த்த பிறகு பெயிண்ட் கடைக்குப் போங்கள். கறுப்பு ஒன்றல்ல என்பது அங்கே போனால் தெரியும். நீலம் கலந்த கறுப்பு, பச்சை கலந்தது, காப்பிக்கொட்டை மாதிரி பழுப்பு கலந்தது என்று ஒரு வரிசையே இருக்கும். மஞ்சள் விளக்கில் நீலக் கறுப்பு சற்றுச் செத்துப்போன மாதிரி தெரியும், பழுப்புக் கறுப்பு உயிரோடு இருக்கும். தேக்குக் கட்டில், பிரம்பு நாற்காலி இருக்கிற வீட்டுக்கு நான் பழுப்புக் கறுப்பைத்தான் சொல்வேன். கடையில் காட்டும் விரல் அகல அட்டையை நம்ப வேண்டாம். ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, தெற்குச் சுவரில் சாய்த்து, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

பளபளப்பு எவ்வளவு என்பதும் முக்கியம். பளபளப்பே இல்லாத முழு மேட் கறுப்பு படத்தில் வெல்வெட் மாதிரி இருக்கும். நிஜத்தில், தலை சாய்கிற இடம், கை ஊன்றுகிற இடம் எல்லாம் ஒரு மாதத்தில் மெழுகு தேய்த்த மாதிரி மினுமினுத்துவிடும். துடைத்தால் இன்னும் மினுக்கும். நன்றாகப் பளபளக்கும் கிளாஸ் பெயிண்ட் அடித்தால் பட்டி பார்த்த மேடுபள்ளம் அத்தனையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சமாக மினுங்கும் சாட்டின் வகை போதும். அது துடைக்கவும் தாங்கும், தலைமாட்டு விளக்கையும் லேசாக வாங்கிக்கொள்ளும்.

ஓதத்துக்கு வருகிறேன். என் முதல் கறுப்புச் சுவரை ஒரு ஆகஸ்ட் மாதத்தில் அடித்தேன். அவசரம், வீட்டுக்காரருக்கு விசேஷம். ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கறுப்புத் தோலில் தேமல் படர்ந்த மாதிரி சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. காரைக்குள் இருந்த உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து, ஈரம் காய்ந்ததும் மேலே தங்கிவிட்டது. வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கறுப்பு எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். அன்று கூலி வாங்காமல் திரும்பி வந்தேன்.

ஆகவே தெற்குச் சுவரையும் சோதித்துவிடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அது காயாமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. அறைப் பக்கம் மட்டும் ஈரம் என்றால் காற்றின் ஈரம்தான், பயமில்லை. எப்படியும் வேலையை டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது, அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் பட்டி காய்வதே சந்தேகம்.

மேற்குச் சுவரின் ஓதத்துக்கு வெளியிலிருந்துதான் வைத்தியம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வெடிப்பை அடைத்துவிடுங்கள், ஜன்னல் படி வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா பாருங்கள். அதைச் செய்யாமல் உள்ளே எதை அடித்தாலும் வீண்செலவு.

மாமியாரின் இன்னொரு பாதி, கறுப்பு ஆகாது என்பது. அனோரதா சாலையில் காளியம்மனைக் கும்பிட்டு வந்த கையோடு அவரிடம் வாதாட வேண்டாம். வேறொன்றை ஞாபகப்படுத்துங்கள். அவர் வளர்ந்த காலத்து மரவீடுகளுக்குக் கரையான் அரிக்காமல், மழை ஊறாமல் இருக்க, எண்ணெய்க் கிணறுகள் உள்ள யெனாஞ்சௌங் பக்கத்துக் கச்சா எண்ணெயை வருஷா வருஷம் பூசுவார்கள். பூசப் பூச மரம் கறுத்து, கடைசியில் வீடே கரிய நிறமாகிவிடும். பழைய தேக்கு மடாலயங்கள் பலவும் அந்தக் கறுப்புதான். அவர் அந்த மாதிரி வீட்டில் விளையாடியவராகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். (அந்த எண்ணெயை அறைக்குள் பூசிவிடாதீர்கள். நாற்றமும் போகாது, நெருப்புக்கும் ஆபத்து.)

மின்னுகிற பொருள் என்று சொன்னேனே, அதற்கு இந்த நாட்டை விட்டு வெளியே தேட வேண்டியதில்லை. பகான் அரக்குச் சாமான்களில் கறுப்புமேல் தங்க இலை ஒட்டிய ஷ்வே சவா வேலைப்பாடு உண்டு. ஒரே ஒரு தட்டு அந்தச் சுவரில் மாட்டி, பக்கவாட்டில் விளக்கு பட்டால் போதும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், மோன்யுவாவுக்குப் பக்கத்தில் சௌக்கா கிராமத்துச் சாமான் இருக்கிறது. பூ வேலை இல்லாத வெறும் கறுப்பு, அன்றாடம் புழங்குவதற்குச் செய்தது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். அரக்கு என்கிறோமே தவிர, இது நம் ஊர் அரக்கு மாதிரி பூச்சியிலிருந்து வருவதல்ல, திட்சி மரத்துப் பால். வடியும்போது சாம்பல் நிறம், காற்றுப் பட்டதும் கறுக்கும். வேடிக்கை என்னவென்றால், நம் பெயிண்டுக்கு எமனான ஈரக் காற்று இருந்தால்தான் அது நன்றாக இறுகும், அதனால் நிலவறையில் வைத்து உலர்த்துவார்கள். மகன் எங்காவது பார்த்துவிட்டு அதையே சுவரில் பூசலாமே என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சேராங்கொட்டை குடும்பத்து மரம், பச்சைப் பால் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

திரைக்கும் விரிப்புக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலில் கறுப்புத் திரை போட்டால் அது வெயிலை வாங்கி அறைக்குள்ளேயே கக்கும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டு, திரைக்குப் பின்னால் வெள்ளைத் துணி கொடுத்துத் தையுங்கள். கறுப்பு விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஒன்றே போதும். முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டை அரைப்பைப் பூசிய யாராவது ஒருவர் பகலில் அதில் சாய்ந்து எழுந்தால், கன்னத்தின் அச்சு அப்படியே தலையணையில் இருக்கும். பவுடர், பஞ்சு, பூனை முடி எல்லாம் கணக்குக் காட்டும். துவைத்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போட வேண்டும். இரண்டே வாரத்தில் மகனே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுவான்.

கொசு விஷயத்தில் மட்டும் கவனம். டெங்கு கொசுவுக்கு இருண்ட நிறம் பிடிக்கும், பகலில் இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். கறுப்புச் சுவரில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பின்னால் விளக்குமாறு போக வேண்டும். கட்டில் வலை வெள்ளையாகவே இருக்கட்டும். ஜன்னலுக்கு அடிக்கிற வலை மட்டும் கறுப்பாக வாங்கலாம், அதன் வழியாகத் தெரு தெளிவாகத் தெரியும்.

அளவு: பத்தடிக்குப் பத்தடி சுவருக்கு ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கோட் வேண்டும். பிரைமரை வெள்ளையாக அடிக்காமல் சாம்பல் நிறமாகக் கலக்கச் சொன்னால், பிற்பாடு கீறல் விழுந்தாலும் பல்லைக் காட்டாது. வாடகை வீடாக இருந்தால் முன்னதாகவே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளையைக் கறுப்பாக்க இரண்டு கோட், கறுப்பைத் திரும்ப வெள்ளையாக்க ஒரு பிரைமரும் மூன்று கோட்டும். மூன்று லிட்டராக வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். அதைக் காற்றுப் புகாத ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, கடைக்காரர் எழுதிக் கொடுத்த கலவை எண்ணை மேலே ஒட்டி, பரணில் வையுங்கள். மெஷினில் கலந்த கறுப்பு அடுத்த தடவை அதே கறுப்பாக வருமென்று சொல்ல முடியாது, கீறல் விழுகிற இடத்தில் தொட்டுக்கொள்ள அது வேண்டியிருக்கும்.