செம்மரக் கன்றுக்கு ஒரு பாக்கெட் போதுமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் கொல்லையில் செம்மரம் வைக்கப் போகிறேன். முன்பு நெல் போட்ட களிமண். வேர் உட்பூசணம் ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டால் போதுமா? பக்கத்துத் தோட்டத்து மரத்தடி மண்ணைப் போடச் சொல்கிறார் சித்தப்பா.

பதில்: சித்தப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) என்பது வேருக்குள் குடியிருந்து, மரத்துக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்துத் தந்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூசணம். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு இனங்கள்தான். வளர்ந்த மரத்தின் வேரிலோ பல இனங்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். ஒரே இனத்துக்குள்ளும் மரபணு வேறுபாடு உண்டு. பூசணத்தின் ஒரு வித்துக்குள்ளேயே (ஸ்போர்) மரபணுவைச் சுமக்கும் உட்கருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்று மணிச்சத்தைத் தூரத்திலிருந்து இழுத்துத் தரும், இன்னொன்று வறட்சியில் தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் சேறாகிச் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிற நம் மண்ணில் ஒரே வகையை நம்பி இறங்க நான் தயங்குவேன். அதிலும் தண்ணீர் கட்டிய நெல் வயலில் காற்றோட்டம் இல்லாததால் இந்தப் பூசணம் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

அதற்காக மண்ணை அப்படியே வண்டியில் அள்ளிவந்து கொட்டாதீர்கள், வேரைத் தாக்கும் நூற்புழுவும் கூடவே வரும். நோய் இல்லாத பழைய செம்மரத்தடியில், மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்தில் மெல்லிய வேர்களோடு ஒரு சட்டி மண் எடுங்கள். மணல் கலந்து தொட்டியில் நிரப்பி மக்காச்சோளம் விதையுங்கள். மக்காச்சோள வேரில் பூசணம் பெருகும். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்துங்கள். செடி காய்ந்ததும் தண்டை வெட்டிவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்தால் உங்கள் சொந்தச் சரக்கு தயார். வேரில் நூற்புழு முடிச்சு தெரிந்தால் மட்டும் அந்தத் தொட்டியைக் கழித்துவிடுங்கள். நடும்போது குழியில் ஒரு கைப்பிடி, வேரைத் தொடும்படி போட வேண்டும். மேலே தூவினால் வீண். பாக்கெட்டையும் சேர்த்துப் போடலாம், தப்பில்லை.

அப்புறம், மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளி வைக்காதீர்கள். மணிச்சத்து சும்மா கிடைத்தால் மரம் பூசணத்துக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். பூசணக்கொல்லியை வேரில் ஊற்றவும் வேண்டாம்.

செம்மரம் கடப்பை, சித்தூர் மலைகளின் சரளை மண்ணில் பிறந்தது. தண்ணீர் தேங்கினால் மரமும் போகும், பூசணமும் போகும். மேடு கட்டி நடுங்கள்.

வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகளைப் பார்த்துப் பூசணம் வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அது தழைச்சத்து பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாவாக இருக்கலாம். உட்பூசணம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும்.