தம்பி விற்ற தோப்புக்கு அக்காமார் பங்கு கேட்டால்?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் 20 சென்ட் தென்னந்தோப்பைக் கிரயம் வாங்கினேன். பட்டா விற்றவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. இப்போது அவருடைய அக்காமார் இருவர், 'அப்பா சம்பாதித்த சொத்து, எங்களுக்கும் பங்கு உண்டு' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களின் தாயாரும் உயிருடன் இருக்கிறார். நான் சவூதியில் வேலை செய்கிறேன். போட்ட பணம் போய்விட்டதா?
– கீழக்கரை வாசகர்

பதில்: முழுவதும் போய்விடவில்லை. ஆனால் தோப்பு முழுவதும் உங்களுடையதும் இல்லை. விற்றவர் குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், இரண்டு மகள்கள் நால்வருக்கும் சம பங்கு. விற்றவருக்கு இருந்தது 5 சென்ட்; அதற்கு மேல் அவரால் விற்க முடியாது. அந்த ஐந்தும் எந்த மூலையில் என்பது பாகம் பிரித்தால்தான் தெரியும்.

கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'எனது தகப்பனார் காலத்துக்குப் பின் எனக்குப் பாத்தியப்பட்டு' என்று ஒரு வரி இருக்கும். மற்ற வாரிசுகளின் கையெழுத்து எங்கே என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். புரோக்கர்கள் கேட்க விடமாட்டார்கள். 'அதுதான் பட்டா இருக்கிறதே' என்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அவ்வளவுதான். அது உரிமையைத் தராது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும்; இறந்தவருக்கு எத்தனை மகள்கள் என்பது வராது. சார்பதிவாளரையும் நம்ப வேண்டாம். விற்பவரின் உரிமையை ஆராய்வது அவர் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றமே 2025-இல் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வையாக 7 சதவீதத்தை எண்ணி வாங்கும் அரசு, உரிமையை மட்டும் நீயே பார்த்துக்கொள் என்கிறது!

தாயாரும் அக்காமாரும் தங்கள் பங்கை நேரடியாக உங்கள் பெயருக்கே எழுதிப் பதிவு செய்து கொடுத்தால் விவகாரம் அன்றோடு முடியும். அதற்கான பணத்தை விற்றவர்தான் தர வேண்டும். 'நான் பேசி முடிக்கிறேன்' என்று அதே புரோக்கர் வந்து நிற்பார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பவர் பத்திரமும் கொடுக்காதீர்கள்.

அவர்கள் உங்களுக்கு எழுதாமல் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் வழி இருக்கிறது. முழு உரிமையும் தனக்கே என்று சொல்லி விற்றவருக்குப் பிற்பாடு அந்த உரிமை வந்து சேர்ந்தால், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி அதை நீங்கள் பெறலாம். ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். அதற்குள் கிரயத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் கேட்க முடியாது. உங்கள் கிரயம் பற்றித் தெரியாத ஒருவர் அந்தப் பங்கைத் தம்பியிடமிருந்து நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கிவிட்டாலும் சிக்கல்தான். உங்கள் பத்திரம் பதிவாகியிருப்பதால், தெரியாது என்று அவர் சாதிப்பது எளிதல்ல.

சமரசம் படியாவிட்டால், கைவிட்டுப் போகும் 15 சென்டுக்கான விலையையும் நஷ்ட ஈட்டையும் கேட்டு விற்றவர் மீது வழக்குப் போடுங்கள். காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதிலேயே வாதம் வரும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய மற்ற சொத்துகளைத் அவர் விற்றுவிடாதபடி தீர்ப்புக்கு முன்பே பற்றுகை (முடக்கம்) செய்யவும் மனுச் செய்யுங்கள். வாரிசுகளை வேண்டுமென்றே மறைத்திருந்தால் மோசடிப் புகாரும் உண்டு. காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள், எஸ்.பி.க்கு எழுதுங்கள், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்.

அக்காமார் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள். விற்றவரின் பங்கை உங்களுக்கு வசதியான பக்கத்தில் ஒதுக்கித் தரும்படி அங்கேதான் கேட்க முடியும். அதுவரை தோப்பில் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டாம். நோட்டீஸ் வந்த பிறகு செய்யும் செலவுக்கு ஈடு கிடைப்பது கடினம்.