தாயக்கட்டத்தை மொபைல் விளையாட்டாக மாற்றும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பெங்களூரில் வேலை பார்க்கிறேன், பாட்டியோடு ஆடிய தாயத்தை மொபைலில் கொண்டுவர ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். படம், வண்ணமெல்லாம் அப்புறம். முதலில் கட்டையைச் சரியாகச் செய்யுங்கள்.

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: 0, 1, 2, 3. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, 2 வழி, மூன்றுக்கு 4 வழி, ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. விழக்கூடிய ஏழு எண்களில் ஒன்றைச் சமவாய்ப்பில் எடுக்கும்படி நிரல் எழுதினால், பன்னிரண்டு இரண்டு மடங்குக்கும் மேல் விழும். ஆட்டமே கெட்டுவிடும். கட்டைகளைத் தனித்தனியாக உருட்டிவிட்டுக் கூட்டுங்கள். இரண்டும் 0 என்றால் மட்டும் 12.

அடுத்தது விதிகள். அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் ஆடும்போது, வெட்டினால் மறுபடி உருட்டலாம் என்பார் வேலூர் நண்பர். ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகக் கூடாது என்பார் மதுரை அத்தை. நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம். செயலியில் அது நடக்காது. ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டையும் கேட்டுவிட வேண்டும்.

தாயம் எல்லோருக்கும் பொது. புதிதாக வந்த பலகை விளையாட்டு என்றால் பெயருக்கும் ஓவியங்களுக்கும் அனுமதி வாங்குங்கள்.

சரி, இன்னொன்று: உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டைகள் உரசி, சிமெண்ட் தரையில் விழும் சத்தத்தை நிஜக் கட்டையிலேயே பதிவு செய்யுங்கள்.